பிள்ளை பிடியில் போன மாமாவுக்குத் தர்ப்பணம் செய்யலாமா?

மண்டபம் முகாமிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 26, முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எங்கள் அம்மாவின் தம்பியை 1989 ஜூலையில், டியூசன் முடிந்து பஸ்ஸில் வரும்போது வழியில் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது மாமாவுக்கு 17 வயது. ஊர் திருகோணமலை மாவட்டம். இந்திய ராணுவத்தோடு சேர்ந்திருந்த இயக்கத்தின் ஆட்கள் பிடித்து, மொட்டையடித்து, உடுப்புக் கொடுத்து 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று சேர்த்துவிட்டார்களாம். அம்மம்மா ஒரேயொரு தடவை முகாமுக்குப் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறா. ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று மாமா கேட்டாராம். அவ்வளவுதான், பிறகு ஒரு செய்தியும் இல்லை. 90-ல் படகேறி இங்கே வந்துவிட்டார்கள். அம்மம்மாவுக்கு இப்போது 81. இந்த ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் செய்துவிடலாம் என்று அம்மா சொன்னதும் அம்மம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சின்ன மாமாவோ, 'துரோகிப் படையில் இருந்தவனுக்கு என்ன தர்ப்பணம், பேசாமல் இருங்கோ' என்கிறார். மாமா துரோகியா? யார் சொல்வது சரி? இனியும் தேட முடியுமா? தேடப்போய் எங்களுக்கு இங்கே பிரச்சினை வருமா?"

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் தர்ப்பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறீர்கள், ஆனால் நான் சின்ன மாமா சொன்ன அந்த வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக மற்ற எல்லாப் பேச்சையும் அடைத்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு சொல்தான்.

1989-ல் நடந்ததற்கு உங்கள் ஊர் ஜனங்களே ஒரு பெயர் வைத்தார்கள். பிள்ளை பிடி. அம்மம்மாவிடம் கேளுங்கள், அவரும் அப்படித்தான் சொல்வார். இந்தக் கரையிலும் சோறு உண்ணாத குழந்தையை "பிள்ளை பிடிக்கிறவன் வந்துடுவான்" என்றுதானே பயம் காட்டுகிறோம். ஆள் சேர்ப்பு என்றோ பயிற்சிக்குப் போனான் என்றோ அந்த ஜனங்கள் சொல்லவில்லை, பிடித்தார்கள் என்றார்கள், பிடிபட்டவனைப் பிள்ளை என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்த நேரத்திலேயே சொன்ன சாட்சி அது. துரோகி என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் வரிசையாகச் சொல்லித் தருவதில்லை. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள், அமைதிப் படை என்ற பெயரில் இந்திய ராணுவம் வடக்கு கிழக்கில் இறங்கியது, அக்டோபரிலேயே அது புலிகளோடு போராகிவிட்டது. 1988 கடைசியில் தேர்தல் நடந்து இந்தியப் படையோடு சேர்ந்திருந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் கையில் வடக்கு கிழக்கு மாகாண சபை வந்தது, வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். 1989 நடுவில், அடுத்து வந்த ஜனாதிபதி பிரேமதாச இந்தியப் படையைத் திரும்பிப் போகச் சொன்னார். படை போய்விட்டால் தாங்கள் நிற்க முடியாது என்பது மாகாண சபைக்காரர்களுக்குத் தெரியும், அதனால் அவசர அவசரமாக ஒரு படை கட்டினார்கள். தானாகச் சேர ஆள் வரவில்லை. பஸ்ஸை மறித்தார்கள், டியூசன் வாசலில் நின்றார்கள், ரோட்டில் சைக்கிளில் போனவனைப் பிடித்தார்கள். ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று மொட்டை. ஆயுதமும் பயிற்சியும் இந்தியத் தரப்பிலிருந்து வந்தன. யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம அதே 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். எவ்வளவு ஆபத்தான நேரத்தில் அந்த உண்மைகள் எழுதப்பட்டன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு நிலத்துக்குள் வந்து நிற்கும் அந்நியப் படை அங்குள்ள ஜனங்களைத் தன் படையிலோ துணைப்படையிலோ சேரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1949-ன் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை, 51-ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தியப் படை ஆக்கிரமிப்புப் படையா, ஒப்பந்தப்படி அழைத்து வந்த படையா என்று சட்டம் படித்தவர்கள் இன்னும் வாதாடலாம். பஸ்ஸிலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இறக்கப்பட்ட 17 வயதுப் பையனுக்கு அந்த வாதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கதையும் இல்லை. பிரான்சின் அல்சாஸ், மொசெல் பகுதிகளை 1940-ல் ஜெர்மனி பிடித்துக்கொண்டது, 1942 ஆகஸ்டிலிருந்து அங்கிருந்த பையன்களைக் கட்டாயமாகத் தன் ராணுவத்தில் சேர்த்தது. சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். பெரும்பாலோரை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள், ஓடிப்போனால் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். திரும்பி வந்தவர்களை ஊர், ஜெர்மன் உடுப்புப் போட்டவன் என்று பார்த்தது. அவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள், "எங்கள் விருப்பத்துக்கு மாறாக" என்று அதற்கு அர்த்தம். உங்கள் ஜனங்கள் அதற்கும் முன்னால் போய், முதல் நாளிலேயே பிள்ளை பிடி என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்காக மாமாவை வீரனாக்கவும் வேண்டாம். அந்தப் படையின் பெயரில் ஊர் ஜனங்களுக்குக் கொடுமைகள் நடந்தன, அதில் சிக்கிச் செத்தவர்களுக்கும் அம்மம்மாக்கள் உண்டு. மாமா துப்பாக்கியைத் தூக்கினாரா, யாரையாவது நோக்கிச் சுட்டாரா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அம்மம்மாவிடம் அதைக் கேட்காதீர்கள். தெரிந்தது இவ்வளவுதான்: அவர் தானாகப் போகவில்லை, வயது 17.

சின்ன மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். அண்ணனைப் பிடித்த வருடம் அவருக்கு என்ன வயது? 13, 14 இருக்குமா? அடுத்தது அவர்தான் என்று அவரை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள். அப்புறம் 1990-ல் இந்தியப் படை போய்ப் புலிகள் ஊருக்குள் வந்ததும், அண்ணன் அந்தப் படையில் இருந்தான் என்று வெளியே தெரிந்தால் வீட்டில் இன்னொரு ஆளும் போகும். இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்கள், யார் கேட்டாலும் அண்ணன் கொழும்பில் என்று சொல்லு என்று. அந்த வயதில் துரோகி என்று அவரே முந்திக்கொண்டு சொல்வது ஒரு பாதுகாப்பு. இன்றைக்கு அதற்குத் தேவையில்லை, ஆனால் அந்தப் பயம் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. அவரோடு வாதாடாதீர்கள். ஒரு நாள் தனியாக இருக்கும்போது, "அண்ணாவைப் பிடிச்ச அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல நாளாகலாம், விடுங்கள்.

இனி அம்மம்மா.

நீங்கள் கடிதத்தின் ஓரத்தில், பிற்சேர்க்கை போல, ஒரு கொம்பாசுப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பையன் கொண்டுவந்து கொடுத்தது, தகரத்தில் மேல் மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது, அம்மம்மா திறக்க விடுவதில்லை, மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டு விளிம்பைத் துடைப்பார், உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும். படகில் வரும்போது நகையைக்கூட ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு இதை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்து, மணல் திட்டில் இறக்கிவிட்டபோது இடுப்பளவுத் தண்ணீரில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிகளை மூன்று தடவை வாசித்தேன்.

செத்த வீட்டுக்குப் பந்தல் உண்டு, ஒப்பாரி உண்டு, எட்டாம் நாள் சடங்கு உண்டு, அந்திரட்டிக் கிரியை உண்டு. காணாமல் போனவன் வீட்டுக்கு ஒன்றும் இல்லை, துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களோடு 1970-களில் வேலை செய்த பாலின் பாஸ் என்ற உளவியலாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நிற்கும் மனதுக்கு வியாதி என்று பெயர் வைக்காதீர்கள், சூழ்நிலைதான் அப்படி இருக்கிறது என்றார். அதனால் "முப்பது வருசமாச்சு, இனி மனசைத் தேத்திக்கோ" என்று அம்மம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம். நாம் தேற்றுவதாக நினைத்துச் சொல்வது அவர் காதில், நீயே அவனைச் சாகடி என்று விழுகிறது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் மண்டபத்தைத் தாண்டி அக்னி தீர்த்தத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்தத் தீர்த்தம், நம்மால் நம் தம்பிக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விட முடியவில்லையே என்று இருக்கும். சாஸ்திரத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், போனவன் 12 வருடம் திரும்பவில்லை என்றால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்று. ராமேஸ்வரத்திலோ தேவிபட்டினத்திலோ சேதுக்கரையிலோ விவரம் தெரிந்த குருக்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் என் கருத்தைக் கேட்டால், அம்மம்மா இருக்கும்வரை அந்தக் கிரியை வேண்டாம். செய்வதாக இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் செய்யவே வேண்டாம், தெரிந்த அன்று அந்த வீட்டில் அவருக்கு யாரையும் நம்ப முடியாமல் போய்விடும்.

பதிலுக்கு ஒன்று செய்யலாம். தர்ப்பணம் செத்தவர்களுக்கு, அன்னதானம் யாருக்கு வேண்டுமானாலும். மாமா பிறந்த நட்சத்திரத்தன்று, அம்மம்மா கையாலேயே, அவர் பெயரைச் சொல்லி பத்துப் பேருக்குச் சோறு போடச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால் அது பிறந்தநாள், இல்லை என்றால் அம்மா மனதில் அது திதி. ஒரே சோறுதான், எதற்கு என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். இதை நான் முன்பு இரண்டு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், செய்து வருகிறார்கள்.

சாப்பிடாமல் இருப்பது திரும்பத் திரும்ப நடந்தாலோ, இரவெல்லாம் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாலோ ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், போக முடியாத நேரத்தில் 14416-ஐக் கூப்பிட்டால் தமிழில் பேசுவார்கள்.

சரி, தேடுவது.

1989 கடைசியில் அம்பாறைப் பக்கத்திலிருந்து இந்தியப் படை விலகத் தொடங்கியதுமே அந்தப் பையன்களின் முகாம்கள் ஒவ்வொன்றாகப் புலிகளிடம் விழுந்தன. சண்டையில் செத்தவர்கள் உண்டு, சரணடைந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு, பிடித்துக்கொண்டு போன பிறகு திரும்பாதவர்கள் நிறைய. உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியவர்களும் இருந்தார்கள், மொட்டைத் தலை காட்டிக்கொடுத்தது. திருகோணமலைதான் கடைசி, 1990 மார்ச் 24 அன்று இந்தியப் படையின் கடைசிக் கப்பல் அங்கிருந்து புறப்பட்டது. அதற்குச் சற்று முன்னால் அந்த இயக்கத்தாரும் குடும்பங்களும் கப்பலில் இந்தியா வந்தார்கள், அவர்களில் பலரை ஒடிசாவின் மல்கான்கிரியில் கொண்டுபோய் வைத்தார்கள். மாமாவைக் கப்பல் துறையில் பார்த்ததாக ஒருவரும், மன்னார் ரோட்டில் பிடிபட்டதாக இன்னொருவரும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் குறித்துவையுங்கள், எதையும் இப்போதே நம்பிவிட வேண்டாம், சொன்னவர் யார், எந்த வருடம் சொன்னார், தானே பார்த்தாரா கேட்டுச் சொன்னாரா என்பதோடு.

இலங்கையில் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒன்று 2016-ன் 14-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏற்படுத்தப்பட்டு, 2018-லிருந்து இயங்குகிறது. ஆளைக் கொண்டுபோனது ராணுவமா இயக்கமா என்று பார்த்து அது வாசலை அடைப்பதில்லை, வடக்கு கிழக்குப் போர் தொடர்பாகக் காணாமல் போன யாரைப் பற்றியும் உறவினர் முறையிடலாம். அதே 2016-ல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிற குடும்பங்களுக்காகக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அம்மம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மகன் செத்தான் என்று கையெழுத்துப் போடாமலேயே மகன் பெயரில் அரசாங்கக் காகிதம் ஒன்று வாங்கலாம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கும். இன்னொரு பக்கம் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், பிரிந்த உறவுகளைத் தேடும் வேலையை அது பல நாடுகளில் செய்கிறது, இலங்கையில் 1989-லிருந்து இருக்கிறது, இந்தியாவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். மல்கான்கிரிக்கு வந்தவர்கள் பிறகு பல நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள் என்பதால் இந்த வழியை விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றால் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் ஆட்களைப் பாருங்கள், முகாம் குடும்பங்களுக்கு இலங்கைக் காகிதங்கள் எடுத்துக்கொடுத்துப் பழகியவர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த அலுவலகத்தின் மேல் அங்குள்ள தாய்மார்களுக்கு நம்பிக்கை இல்லை, வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கே பதில் வரும் என்று அம்மம்மாவிடம் சொல்லாதீர்கள். ஆனாலும் பெயர் ஒரு இடத்தில் பதிவாக வேண்டும்.

பிரச்சினை வருமா என்று கேட்டீர்கள். காணாமல் போன மகனைத் தேடுவது எந்த நாட்டிலும் குற்றம் இல்லை, 17 வயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்டது உங்கள் குடும்பத்தின் மேல் வழக்கும் இல்லை. இருந்தாலும் முகாமில் வாழ்கிறவர்களுக்குத் தமிழ்நாடு போலீசின் உளவுப் பிரிவான க்யூ பிராஞ்ச் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால் எதையும் ஒளித்துச் செய்யாதீர்கள், அனுப்பும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், முதல் மனுவை எழுதும்போது நான் கூட உட்காருகிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுதான் அவசரம். எங்கள் அப்பத்தாவின் அண்ணன் தொண்டிப் பக்கத்திலிருந்து மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சாரை சாரையாகக் கொண்டுபோய் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் விட்டான், பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். எங்கள் ஆள் அதில் போனாரா, வேறு எங்காவது போனாரா தெரியாது. அவருடைய அம்மா 1960-கள் வரை உயிரோடு இருந்திருக்கிறார், ஒருத்தரும் அவரிடம் உட்கார்ந்து கேட்கவில்லை, கேட்டால் அழுவார் என்று. இன்று எங்களிடம் மிஞ்சியிருப்பது கூப்பிடும் பெயர் மட்டும்தான், எந்தத் தோட்டம், எந்த வருடம், பதிவில் என்ன பெயர், ஒன்றும் இல்லை. கூப்பிடும் பெயரை வைத்துக்கொண்டு நான் எந்தப் பதிவேட்டில் தேடுவது?

அம்மம்மாவுக்கு 81. மாமாவின் முன்பல் உடைந்திருந்ததா, கை கால் எப்போதாவது முறிந்து கட்டுப் போட்டார்களா, உடம்பில் எங்கே தழும்பு, என்ன உயரம், பள்ளிக்கூடப் பதிவில் முழுப்பெயர் என்ன, பஸ் எந்த இடத்தில் நின்றது, வேலி போட்ட முகாம் எந்த ஊர், கூடப் பிடிபட்ட பையன்கள் யார் யார். என்றைக்காவது எங்காவது ஒரு எலும்பு கிடைத்தாலும், எங்காவது ஒரு நாட்டில் ஒரு முதியவர் கிடைத்தாலும் அடையாளம் சொல்ல இவைதான் உதவும், இவை அத்தனையும் இப்போது ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கின்றன.

ஒரே நாளில் கேட்காதீர்கள். மத்தியானம் முகாம் அடங்கிய நேரம் பார்த்து, ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு, போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். பிடித்துப்போன நாளிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த ஆட்டிலிருந்து தொடங்குங்கள். வேலிக்கு வெளியே நின்று அம்மம்மா மாமாவுக்கு என்ன பதில் சொன்னார், அது எத்தனை குட்டி போட்டது என்று கேளுங்கள்.